பத்துக் கை மாறிய துப்பாக்கி

சேலைத் தலைப்பில் குத்துகிற ஊக்கையும், கௌபாய் படங்களில் குதிரைமேல் உட்கார்ந்தபடி லீவரை இழுத்து இழுத்துச் சுடுகிற துப்பாக்கியையும் தொடங்கி வைத்தவர் ஒரே ஆசாமி. வால்ட்டர் ஹன்ட் என்று பெயர். நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்தார். 1849 ஏப்ரலில் ஊக்குக்குக் காப்புரிமை. அதே வருஷம் ஆகஸ்டில் துப்பாக்கிக்கு. ஒரே வருஷத்தில் இப்படி இரண்டைக் கண்டுபிடித்தவர் எப்படி வாழ்ந்திருக்க வேண்டும்! அவரோ, படம் வரைந்து கொடுத்த ஓவியருக்குத் தர வேண்டிய 15 டாலர் கடனுக்கு வழியில்லாமல், கம்பித் துண்டு ஒன்றை முறுக்கி ஊக்கு செய்து, அதன் உரிமையை 400 டாலருக்குத் தாரை வார்த்தார். கடன் தீர்ந்தது. வாங்கியவர்கள் கொழித்தார்கள்.

மனிதரின் ராசி அப்படி. தையல் மெஷினை 1833 வாக்கிலேயே செய்து முடித்திருந்தார். கையால் தைத்துப் பிழைக்கிற பெண்கள் தெருவுக்கு வந்துவிடுவார்களே என்று மகள் சொன்னதால் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பின்னால் வந்த ஹோவும் சிங்கரும் அந்த இரக்கத்தின்மேல் பங்களா கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கி விஷயத்தில் ஹன்ட் போட்ட கணக்கு இது: ஈயக் குண்டின் பின்புறத்தைக் குடைந்து மருந்தை அதற்குள்ளேயே அடைத்துவிட வேண்டும். அப்படி அடைத்த குண்டுகளைச் சுடுகுழலுக்கு அடியில் இன்னொரு குழலில் வரிசையாகப் போட்டு, கீழே இருக்கும் லீவரை ஆட்டினால் ஒவ்வொன்றாக மேலே ஏறி வரும். யோசனை முதல் தரம். துப்பாக்கிதான் ஒத்துழைக்கவில்லை. பாகங்கள் அவ்வளவு நொய்தானவை.

உரிமையை ஜார்ஜ் ஆரோஸ்மித் என்பவரிடம் தள்ளிவிட்டார். ஆரோஸ்மித் தன்னிடம் இருந்த லூயிஸ் ஜென்னிங்ஸ் என்ற மெக்கானிக்கை வைத்துச் சீர்செய்து, கோர்ட்லண்ட் பாமர் என்ற பணக்காரர் தலையில் கட்டினார். பாமர் வெர்மான்ட் மாநிலத்துப் பட்டறை ஒன்றில் கொஞ்சம் செய்து பார்த்தார், போணியாகவில்லை. ஹொரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் 1855ல் எல்லாவற்றையும் ஒரு புதுக் கம்பெனியிடம் கைமாற்றிவிட்டு, ரிவால்வர் பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். ஆமாம், அந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன்தான்.

ஆறே வருஷம், எத்தனை கை! இன்றைக்கு அமெரிக்காவில் பழைய லீவர் துப்பாக்கி, அதுவும் மலிவு ரகம், வாங்கப் போகிறவனைக் கடைக்காரனும் கூட வந்த மச்சானும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். அவசியமே இல்லை. இந்தச் சாமானுக்கு முதல் கை என்று ஒன்று இருந்ததே கிடையாது. காப்புரிமை செகண்ட் ஹேண்ட், கம்பெனி செகண்ட் ஹேண்ட், பெயர் செகண்ட் ஹேண்ட், வீரப் பிரதாபம் அதைவிடப் பழசு. ஷோரூமில் புதிதாக வாங்குகிறவன்தான் மரபை மீறுகிறான்.

அந்தப் புதுக் கம்பெனிக்கு வோல்கானிக் என்று பெயர் வைத்தார்கள். எரிமலை என்று பெயர் வைத்துக்கொண்ட துப்பாக்கி, குடைந்த குண்டுக்குள் மருந்து அடைக்க இடமே இல்லாததால், மான் முதுகில் தட்டிக்கொடுக்கிற அளவுக்குத்தான் சுட்டது. கம்பெனி இரண்டு வருஷத்துக்குள் திவால். கடன் கொடுத்தவர்களும் பங்கு போட்டவர்களும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, பங்குதாரர்களில் ஒருவர் மட்டும் மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டார். அவர் சட்டை வியாபாரி. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் ஊரில் தொழிற்சாலை வைத்து, கழுத்தை இறுக்காத சட்டைக்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தவர். ஆலிவர் வின்செஸ்டர்.

இந்த இடத்தில் ஹன்ட்டை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்படலாம். அவர் தயவு பார்த்துக் கைவிட்ட தையல் மெஷின், அடுத்தவர் பெயரில் பிறந்து, வின்செஸ்டரின் சட்டைகளைத் தைத்தது. சட்டையில் வந்த லாபம் ஹன்ட் காசில்லாமல் கைவிட்ட துப்பாக்கியை வாங்கியது. ஹன்ட் 1859ல் செத்துப்போனார். வின்செஸ்டருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணக்குத் தெரியும். துப்பாக்கி தெரிந்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரியும்.

அப்படி வந்தவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. குடைந்த குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, செம்புக் கூட்டுக்குள் மருந்தும் நுனியில் குண்டுமாக உருப்படியான ஒரு .44 தோட்டாவைச் செய்தார். அதற்கேற்பத் துப்பாக்கியைத் திருத்தினார். 1860 அக்டோபரில் காப்புரிமை. அதற்குள்ளே நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வாங்குகிற துப்பாக்கியிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே இருக்கும் தாழ் பின்னால் வரும். வரும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைக் கவ்வி இழுத்து வெளியே வீசும். சுத்தியலைப் பின்னால் சாய்த்துத் தயாராக நிறுத்தும். அடிக்குழலில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை ஒரு சின்ன மேடை தூக்கி நிறுத்தும். லீவரை மேலே இழுத்தால் தாழ் அதைக் குழலுக்குள் தள்ளி மூடிக்கொள்ளும். க்ளிக்–க்ளாக். அவ்வளவுதான். மற்றவன் குழல் வாயில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்து முடிப்பதற்குள் ஹென்றிக்காரன் பதினாறையும் சுட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவலாம்.

மறு வருஷம் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. ராணுவம் ஓடி வந்து வாங்கியிருக்குமே என்று நினைப்பீர்கள். ஆயுதத் துறையின் தலைவராக ஜேம்ஸ் ரிப்ளி என்ற கிழவர் உட்கார்ந்திருந்தார். வேகமாகச் சுடுகிற துப்பாக்கியைக் கொடுத்தால் சிப்பாய்கள் தோட்டாவை வீணடிப்பார்கள் என்பது அவர் கவலை. போர் தோற்றாலும் சரி, ஸ்டாக் புத்தகம் டேலியாக வேண்டும். வின்செஸ்டர் தரப்பு ஜனாதிபதி லிங்கனுக்கே தங்கப் பூச்சும் சித்திர வேலையுமாக ஆறாம் எண் துப்பாக்கியைக் காணிக்கையாக அனுப்பிப் பார்த்தது. துப்பாக்கி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆர்டர் வந்ததா என்றால், போர் முழுக்க அரசு வாங்கிய ஹென்றிகள் 2,000ஐத் தொடவில்லை. மாதம் 13 டாலர் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள்தான் சொந்தக் காசில், 40 டாலருக்குக் குறையாமல் கொடுத்து வாங்கினார்கள். இல்லினாய் மாநிலத்து 66வது படைப்பிரிவு அப்படித்தான் ஆயுதம் ஏந்தியது. உயிர் தன்னுடையது என்றால் தோட்டாச் செலவு பெரிதாகத் தெரியாது போலும்.

ஹென்றிக்கு என்ன கிடைத்தது? வின்செஸ்டர் ஐரோப்பாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கனெக்டிகட் சட்டசபைக்கு மனு போட்டு, கம்பெனியையே தன் பெயருக்கு மாற்றிப் பார்த்தார். முதலாளி ஊர் திரும்பினார். சத்தம் போடவில்லை. 1866ல் வின்செஸ்டர் என்று தன் பெயரிலேயே வேறு கம்பெனி தொடங்கி, சரக்கையும் சாமானையும் அங்கே நகர்த்திவிட்டார். அதே வருஷம் மாநிலத்தின் துணை ஆளுநராகவும் ஆனார். துணையைச் சேர்க்காமல் ‘ஆளுநர் வின்செஸ்டர்’ என்று கூப்பிட்டால் மறுப்பதில்லை. ஹென்றியின் ஞாபகமாகத் தோட்டாவின் அடியில் ‘எச்’ என்று ஓர் எழுத்தைப் பொறிக்க மட்டும் விட்டுவைத்தார்கள். சுத்தியல் போய் அடிக்கிற பக்கம் அதுதான்.

அடுத்து வருவது புராணம். 1873ஆம் வருஷ மாடலுக்கு ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்று பட்டம். மேற்கு யாருடையதாக இருந்தது, தோற்றவர் யார் என்று விளம்பரத்தில் போடவில்லை, இடம் போதவில்லை. அந்த விளம்பரமும் வென்று முடித்துப் பல பத்தாண்டுகள் ஆனபின், 1919 வாக்கில், விற்பனை இலாகா உட்கார்ந்து யோசித்ததுதான். வேடிக்கை என்னவென்றால், 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஜெனரல் கஸ்டர் படையோடு அழிந்தபோது லீவர் துப்பாக்கி எதிர்த் தரப்பில் இருந்தது. லகோட்டா, ஷெயன் பழங்குடி வீரர்களில் கணிசமானோர் கையில் ஹென்றியும் வின்செஸ்டரும். கஸ்டரின் குதிரைப்படையிடம் அரசு கொடுத்த, ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடுகிற ஸ்ப்ரிங்ஃபீல்டு. ரிப்ளி பதவியிலிருந்து போய்ப் பல வருஷம் ஆகியும் அவருடைய சிக்கனம் போகவில்லை. மறு வருஷம் பல்கேரியாவில் ப்ளெவ்னா கோட்டையை முற்றுகையிட்ட ரஷ்யர்களும், துருக்கியர் கையில் இருந்த வின்செஸ்டர்களிடம் இதே பாடத்தை ரத்தம் கொட்டிப் படித்தார்கள்.

நம் ஊருக்கு இந்தப் புராணம் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ வழியாக வந்து, ஜெய்சங்கர் தொப்பி வைத்துக் குதிரை ஏறிய படங்களில் இறங்கியது. அந்தத் துப்பாக்கிகளில் தோட்டா தீர்ந்ததை எந்த ரசிகரும் பார்த்ததில்லை.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலிவர் 1880 டிசம்பரில் இறந்தார். மூன்று மாதத்தில் மகன் வில்லியம் காசநோயில் போனார். மருமகள் சாரா கலிஃபோர்னியாவுக்குப் போய், சான் ஹோசேயில் ஒரு வீட்டை வாங்கி, 1922ல் சாகும்வரை இடித்தும் கட்டியும் கொண்டிருந்தார். சுமார் 160 அறை. எங்கும் போகாத படிக்கட்டு, திறந்தால் சுவர் தெரிகிற கதவு. வின்செஸ்டரால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து கட்டினாள் என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். 1906 பூகம்பத்தில் மேல்மாடிகள் சரிந்து, சரிந்ததைச் சீர்செய்யாமல் அடைத்துவிட்டதும் பாதிப் படிக்கட்டுகளுக்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் கொத்தனார் வேலைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

மேதை என்று இந்தக் கதையில் ஒருவரைத்தான் சொல்லலாம். யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில் ஜான் மோசஸ் பிரௌனிங். அவர் செய்த துப்பாக்கி ஒன்றின் உரிமையை 1883ல் வின்செஸ்டரின் மாப்பிள்ளை பென்னட் ரயிலேறிப் போய் 8,000 டாலருக்கு வாங்கினார். அதிலிருந்து பிரௌனிங் வரைந்ததை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். பாதிக்கு மேல் தயாரிக்கவே இல்லை, போட்டிக்காரன் கைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை பென்னட், சின்னத் தோட்டாவுக்கு ஒரு லீவர் துப்பாக்கி வேண்டும், மூன்று மாதத்தில் தந்தால் 10,000, இரண்டு மாதத்தில் தந்தால் 15,000 என்றாராம். “முப்பது நாளில் தருகிறேன், 20,000 கொடுங்கள், நாள் தப்பினால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் பிரௌனிங். முப்பது நாள் ஆகுமுன்பே பார்சல் வந்து சேர்ந்தது. அது 1892 மாடல். அடுத்தது 1894. இன்றைக்கும் அமெரிக்கக் காடுகளில் மான் பின்னால் அலைவது அந்த 94தான்; 70 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். மறு வருஷமே அதற்குப் புகையில்லா மருந்து போட்ட .30 தோட்டாவும் வந்தது. இத்தனை கொடுத்தவர், விற்கிற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ராயல்டி கேட்ட அன்று வின்செஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் கப்பலேறி பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனிக்குப் போனார். பிற்பாடு அந்த பெல்ஜியக் கம்பெனியே வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிலை விலைக்கு வாங்கியதை மட்டும் பிரௌனிங் உயிரோடு இருந்து பார்க்கவில்லை.

அதே நியூ ஹேவனில், கூப்பிடு தூரத்தில், ஜான் மார்லின் 1870லிருந்து கடை போட்டிருந்தார். மலிவு வேட்டைத் துப்பாக்கியின் உண்மையான வம்சம் இதுதான். அன்றைய வின்செஸ்டரில் வெற்றுக் கூடு மேலே தெறிக்கும். அதனால் மேலே தொலைநோக்கி மாட்ட முடியாது, சில சமயம் தொப்பிக்குள்ளும் விழும். மார்லின் 1889ல் பக்கவாட்டில் தள்ளவிட்டு, மேல்பக்கத்தைத் தட்டையாக மூடிவிட்டது. அன்றைக்கு அதன் அருமை யாருக்கும் தெரியவில்லை. பிற்காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு வயசாகி, வெறும் கண்ணால் மானுக்கும் மரக்கட்டைக்கும் வித்தியாசம் தெரியாத நிலை வந்தபோது தெரிந்தது. போட்டி எவ்வளவு சின்னத்தனமானது என்றால், வின்செஸ்டரின் புதுத் தோட்டாவுக்கு மார்லினும் துப்பாக்கி செய்தது; ஆனால் எதிரியின் பெயரைத் தன் குழலில் பொறிக்க மனம் வரவில்லை. .30 அங்குலக் குண்டு, 30 கிரெயின் மருந்து என்று ‘.30-30’ எனப் போட்டுக்கொண்டது. கடைசியில் ஊரெல்லாம் அந்தப் பெயரைத்தான் சொன்னது, வின்செஸ்டர்காரர்கள் உட்பட.

முதல் உலகப் போரில் மார்லின் கம்பெனியை நியூயார்க் முதலாளிகள் வாங்கி, இயந்திரத் துப்பாக்கி செய்து காசு பார்த்துவிட்டு, போர் முடிந்ததும் நடுத்தெருவில் விட்டார்கள். 1924ல் ஏலம். ஃபிராங்க் கென்னா என்ற வக்கீல் 100 டாலருக்குக் கேட்டார். கேட்க வேறு ஆள் இல்லை என்பார்கள். கட்டடம், மெஷின், ஜான் மார்லினின் பெயர், எல்லாம் சேர்த்து 100 டாலர். கூடவே ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனும் வந்தது, அதனால் ரொம்பவும் பொறாமைப்பட வேண்டாம். கென்னா சளைத்தவரில்லை. கம்பெனிப் பங்கு நான்கு வாங்கினால் .410 லீவர் துப்பாக்கி ஒன்று இலவசம் என்றார். ஆடித் தள்ளுபடிக்காரர்கள் இவர் படத்தை மாட்டி வைக்கலாம். முப்பதுகளில் யாரும் துப்பாக்கி வாங்காதபோது மார்லின் சவர பிளேடு விற்றது. வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனியை அமெரிக்க ஆண்களின் தாடி காப்பாற்றியது.

வின்செஸ்டர் நிலைமையும் வித்தியாசமில்லை. போருக்குக் கட்டிய பிரம்மாண்டத் தொழிற்சாலையை ஓட்ட, ரோலர் ஸ்கேட், டார்ச் லைட், கத்தி, தூண்டில் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் பெயரைப் பொறித்து விற்றுப் பார்த்தது. 1931ல் மூழ்கியது. தோட்டா வியாபாரி ஆலின் குடும்பம் வாங்கியது. மேற்கை வென்றதற்கு அப்போது ஸ்கேட்டில்கூட ஓட முடியவில்லை.

மார்லின் 1948ல் 336 என்ற மாடலைக் கொண்டுவந்தது. திடமானது, எளிமையானது, பல லட்சம் விற்றது. ஆனால் மலிவு ரகம் பிறந்ததற்குக் காரணம் துப்பாக்கிப் பட்டறை இல்லை, பலசரக்குக் கடை. சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு மாதிரியான பெரிய கடைகளுக்கு, உள்ளாடையும் உரமும் விற்கிற அதே கூரையின் கீழ் துப்பாக்கியும் வேண்டும். பெயர் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். சியர்ஸ் தன் துப்பாக்கிகளுக்கு ஜே.சி. ஹிக்கின்ஸ் என்று பெயர் வைத்திருந்தது. எல்லைப்புற வீரர் யாரோ என்று நினைக்கத் தோன்றும். ஹிக்கின்ஸ், சியர்ஸ் கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவர். பிறகு பேஸ்பால் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ் பெயருக்கு மாற்றினார்கள். சியர்ஸில் டெட் வில்லியம்ஸ் மாடல் 100 என்று விற்றது சாட்சாத் வின்செஸ்டர் 94. தெரிந்தவன் வாங்கினான், தெரியாதவனும் வாங்கினான், மான் இரண்டு பேரிடமும் வித்தியாசம் பார்க்கவில்லை. தபாலிலேயே துப்பாக்கி வரவழைத்த காலம் அது. கென்னடியைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கியும் விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கியதுதான். 1968ல் சட்டம் போட்டு அந்த வசதியை மூடினார்கள்.

மார்லின் இந்தக் கடைகளுக்கென்றே க்ளென்ஃபீல்டு என்று ஒரு பெயரைத் தயாரித்தது. குழல் அதே, தாழ் அதே, லீவர் அதே. அடிக்கட்டைதான் வால்நட் இல்லை. பிர்ச் மரத்தில் செய்து வால்நட் நிறம் பூசினார்கள். கட்டையில் கையால் செதுக்குகிற கட்டம் கட்டமான வேலைப்பாட்டுக்குப் பதில் சூடான அச்சை அழுத்தினார்கள். .22 ரகம் ஒன்றின் கட்டையில் அணில் படமே அச்சாகி இருக்கும். ரசனைக்கு அபராதம் இல்லை. முப்பதாம் மாடல் க்ளென்ஃபீல்டு என்பது வேஷ்டி மாற்றிக்கொண்ட 336. 1983ல் அந்தப் பெயரை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அடகுக் கடைச் சுவரோரம் சாய்ந்து நிற்பவற்றில் பேரம் பேசத் தகுந்தது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குள் வின்செஸ்டர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. 1964ல் செலவைக் குறைக்கிறேன் என்று, கடைந்து செய்த பாகங்களை விட்டுவிட்டுத் தகடு வெட்டிப் போட்டார்கள். திடமான ஆணிக்குப் பதில் தகட்டைச் சுருட்டிய ஆணி. மக்கள் காறித் துப்பினார்கள். விளைவு, ‘64க்கு முந்தியது’ என்ற ஒரே வார்த்தைக்கு இன்றும் விலை ஏறுகிறது. 1963ல் யாரோ வேண்டாமென்று விற்ற பழைய துப்பாக்கி, மறு வருஷம் பொக்கிஷமாகிவிட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூ ஹேவன் தொழிற்சாலை 2006ல் மூடியது. மேற்கை வென்ற கம்பெனியின் 94 மாடலை இப்போது ஜப்பானில் மிரோகு என்ற கம்பெனி செய்கிறது, அதுவும் மிக நேர்த்தியாக. கென்னா குடும்பம் 2007ல் மார்லினை ரெமிங்டனுக்கு விற்றது. அவர்கள் பழைய மெஷின்களை நியூயார்க் மாநிலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்; அந்த மெஷின்களின் கோணல் எல்லாம் தெரிந்த கிழவர்களைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. குறிமுள் சாய்ந்த துப்பாக்கிகள் வெளியே வந்தன. ‘ரெம்லின்’ என்று ஜனங்களே பெயர் சூட்டினார்கள். ரெமிங்டன் திவாலாகி, மார்லினை 2020ல் ரூகர் வாங்கியது. 1996ல் புரூக்ளினில் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு ஹென்றி என்று பெயர்; பழைய ஹென்றிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவர் உயிரோடு இருந்தபோது நிலைக்காத கம்பெனிப் பெயர், செத்து 98 வருஷம் கழித்துக் கிடைத்தது.

ஆகவே சுவரோரம் நிற்கும் க்ளென்ஃபீல்டுக்கு வருவோம். புது மார்லின் 1,000 டாலரைத் தாண்டும். இது அதில் பாதியைச் சுற்றி இருக்கும். முதலில் குழலில், தாழ் ஓடுகிற பெட்டியை ஒட்டி, இடப்பக்கம் விரல் வைத்துப் பாருங்கள். சின்ன முட்டை வட்டத்துக்குள் ‘ஜே.எம்.’ இருந்தால் மெஷின்களைப் பெயர்ப்பதற்கு முந்திய குழல். அடுத்து வரிசை எண். 1973லிருந்து மார்லின் ஒரு வினோதம் செய்தது: முதல் இரண்டு இலக்கத்தை 100லிருந்து கழித்தால் பிறந்த வருஷம் வரும். 23 என்றால் 1977. நேராகப் போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டால் கடைக்காரர் தோளைக் குலுக்குவார். பக்கத்தில் நிற்கும் மார்லினில் குறுக்கே ஒரு பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால் எண்பதுகளின் நடுவில் வக்கீல்கள் சேர்த்த பாதுகாப்புப் பூட்டு, பிடிக்காதவர்கள் அதிகம்.

லீவரைத் திறந்து, தாழ் விட்ட இடைவெளியில் கட்டைவிரலை நீட்டினால் நகத்தில் வெளிச்சம் பட்டுக் குழலுக்குள் திரும்பும். முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கலாம். தோட்டா இல்லையென்று இரண்டு தடவை பார்த்துவிட்டு! சுருள் சுருளாகப் பளிச்சென்று தெரிந்தால் நல்லது. புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் யாரோ மழையில் வேட்டைக்குப் போய் அப்படியே மூலையில் சாய்த்துவிட்டார். குழல் வாயின் விளிம்பைப் பாருங்கள். வின்செஸ்டரில் பின்பக்கமாகச் சுத்தம் செய்ய முடியாது, கம்பியை முன்னாலிருந்து விட்டு விட்டு விளிம்பு தேய்ந்துபோகும். மார்லினில் லீவரின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் தாழ் முழுசாக வெளியே வந்துவிடும். ஆனால் அந்தத் திருகின் தலையைப் பாருங்கள். பள்ளம் பிய்ந்திருந்தால் முந்தைய உடைமையாளர் சமையலறைக் கத்தியால் ஆராய்ச்சி செய்தவர் என்று அர்த்தம். லீவரை மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துப் பாருங்கள். தோட்டாவைத் தூக்குகிற மேடை தேய்ந்திருந்தால் இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்து எல்லாம் இறுகிக்கொள்ளும். ‘மார்லின் ஜாம்’ என்றே பெயர். மான் எதிரே நிற்கும்போதுதான் அது வரும்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் தாத்தா கதையைத் தொடங்குவார். “ஐயா, இதை வைத்திருந்த பெரியவர் வருஷத்துக்கு ஒரு தோட்டாதான் சுடுவார். ஒரு மான்.” நம்பலாம். பென்சில்வேனியாவில் நன்றி நவிலல் விழா முடிந்த திங்கட்கிழமைதான் நெடுங்காலம் மான் வேட்டையின் முதல் நாள். பல ஊர்களில் பள்ளிக்கூடமே லீவு விட்டுவிடும். 2019ல்தான் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். தானாகவே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அங்கே மான் வேட்டையில் அனுமதி இல்லை. அதனால் லீவருக்கு இன்னும் மவுசு. அடர்ந்த காட்டில் 100 கஜத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாது, .30-30க்கு அது தாராளம். பெரியவர் உண்மையிலேயே ஒன்றுதான் சுட்டிருப்பார்.

பேரம் படிந்தால் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். நீர் தலைமறைவுக் குற்றவாளியா, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்று அரசாங்கம் உங்களையே கேட்கும். பதிலைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, சோதனை முடிந்ததும் சாமான் கைக்கு வரும். அதோடு கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து பெரியவர் விட்டுப்போன பாதித் தோட்டாப் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்தால், சும்மா தருகிறார் என்று நினைத்து உள்ளிருப்பதைக் கொட்டிக்கொண்டு பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதன்மேல், இழுத்து மூடிவிட்ட பெரிய கடை ஒன்றின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தால், அந்த அட்டைப் பெட்டிக்கென்றே அலைகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியில் பேரம் பேசி மிச்சம் பிடித்ததைவிட அதில் கூடக் கிடைக்கலாம். கடைக்காரருக்கு இது தெரியாமலிருந்தால்.